பழைய காரின் சீட் பெல்ட்: பாகம் பாகமாகச் சோதிக்கும் முறை

சீட் பெல்ட் நான்கு பாகங்கள் சேர்ந்த அமைப்பு. உடலைத் தாங்கும் பட்டை முதலாவது. பட்டையில் கோத்த உலோக நாக்கும் அது மாட்டும் பக்கிளும் சேர்ந்த பூட்டு இரண்டாவது. பட்டையைச் சுற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும் நொடியில் இறுகப் பிடித்து நிறுத்தும் ரிட்ராக்டர் மூன்றாவது. இவற்றைக் காரின் உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளும் அவை இறங்கியிருக்கும் தகடும் நான்காவது. இந்த நான்கில் ஒன்று கைவிட்டாலும் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை. பழைய காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்து, 'கிளிக்' சத்தம் கேட்டதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அதில் சோதிக்கப்படுவது பூட்டு மட்டுமே. மற்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

பெல்ட் தாங்க வேண்டிய சுமை எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதுகிறது. உள்ளே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். காரின் முன்பகுதி நசுங்குவதாலும் பட்டை சற்று நீள்வதாலும் அவர் உடல் நிற்பதற்கு அரை மீட்டர் தூரம் கிடைத்தாலும், பெல்ட்டின் மீது விழும் சராசரி விசை ஏறக்குறைய 1,200 கிலோ எடைக்குச் சமம். மாருதி 800 காரின் எடையைப் போல அது கிட்டத்தட்ட இரு மடங்கு. ஐ.நா.வின் 16ஆம் எண் வாகன விதிமுறை, பெல்ட் பட்டை குறைந்தது சுமார் 1,500 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும் என்றும், சுமார் 1,000 கிலோ சுமையில் இழுபடும்போதும் அதன் அகலம் 46 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்றும் சொல்வது இதனால்தான். புதுப் பட்டையில் இந்த வலு இருக்கும். பதினைந்து ஆண்டு வெயிலும் தூசியும் வியர்வையும் பட்ட பட்டையில் அது இருக்கிறதா என்பதே கேள்வி.

காரில் இருப்பது எந்த வகை பெல்ட்?

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959இல் அது கார்களில் வந்தது. இந்தியாவில் 1994 முதல் தயாரான கார்களில் முன் இருக்கை பெல்ட் கட்டாயமானது. 2002இல் பின் இருக்கைக்கும் அந்த விதி வந்தது. ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு முந்தைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் பெல்ட் இருந்தால், அது பின்னாளில் பொருத்தப்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய பெல்ட்டில் மற்ற எதையும்விட முதலில் பார்க்க வேண்டியது, போல்ட் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்பது.

பழைய கார்களில் மூன்று வகை பெல்ட்டுகள் காணப்படும். முதல் வகையில் ரிட்ராக்டரே கிடையாது. பட்டையின் நீளத்தைக் கையால் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகையில் ரிட்ராக்டர் உண்டு. மெதுவாக இழுத்தால் பட்டை வரும், வேகமாக இழுத்தாலோ கார் சட்டென நின்றாலோ பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வகையில் இதோடு பிரீடென்ஷனர் எனும் கருவியும் சேர்ந்திருக்கும். மோதல் நேர்ந்த கணத்தில் அதிலுள்ள சிறு வெடிமருந்து எரிந்து, பட்டையின் தளர்வை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏர்பேக் உள்ள கார்களில் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையே இருக்கும். ஓனர்ஸ் மேனுவலைப் பார்த்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

சோதனைக்கு முன்

பகல் வெளிச்சத்தில், சமதளத்தில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு டார்ச் லைட், ஈரமாக்கிப் பிழிந்த வெள்ளைத் துணி, துணி காயப்போடும் கிளிப் இரண்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் ஆகியவை போதும். சீட் கவரும் தரைவிரிப்பும் பக்கிளையோ போல்ட்டையோ மறைத்தால் அவற்றை விலக்கிவிட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் தொடங்கி எல்லா இருக்கைகளையும் வரிசையாகப் பார்ப்பது நல்லது. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டுநர் பெல்ட் தினமும் தேய்கிறது. பின் இருக்கை பெல்ட்டோ ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமலே கிடக்கிறது. இரண்டுக்கும் வரும் கோளாறு வேறு வேறு.

பட்டை

பட்டையை மெதுவாக இழுத்து, இனி வராது என்னும் இடம் வரை வெளியே எடுத்து, திரும்பச் சுருளாதபடி தோளுக்கு மேலுள்ள வளையத்துக்கு அருகே கிளிப் போட வேண்டும். அன்றாடம் பெல்ட் மாட்டும்போது கடைசி ஒன்றிரண்டு அடி ரிட்ராக்டரை விட்டு வெளியே வருவதே இல்லை. வெயில் படாத அந்தப் பகுதிதான் பட்டையின் பழைய நிறத்தையும் பழைய மென்மையையும் காட்டும். அதை ஒரு கையிலும் தோளில் படும் பகுதியை மறு கையிலும் பிடித்து ஒப்பிட வேண்டும். நிறம் லேசாக வெளுத்திருப்பது மட்டும் குற்றமல்ல. வெளுத்த இடம் காய்ந்த வாழைநார் போல விறைத்து, மடித்தால் மடிப்புத் தடம் நின்றுவிட்டால், அந்தப் பட்டை வெயிலில் வலுவிழந்துவிட்டது.

அடுத்து, பட்டையின் இரு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே வர வேண்டும். கண்ணுக்குத் தப்பும் வெட்டு விரலில் தட்டும். பட்டையின் முகப்பில் பூஞ்சை போலச் சிறு இழைகள் எழும்பியிருப்பது பல ஆண்டு உராய்வின் அடையாளம், அது ஆபத்தில்லை. ஓரத்து நூல் அறுந்திருந்தால் கதை வேறு. இழுவிசை வரும்போது கிழிசல் தொடங்குவது ஓரத்தில்தான். ஓட்டுநர் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு வரும் பகுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பட்டை சுருளாமல் வெளியே தொங்கும்போது கதவை அறைந்து மூடினால் பட்டை கதவுப் பூட்டுக்கு இடையில் சிக்கும். சிக்கிய இடத்தில் பிறைபோல ஒரு நசுங்கல், அதைச் சுற்றிக் கதவுப் பூட்டின் கறுப்பு கிரீஸ், ஓரத்தில் நாலைந்து நூல் அறுந்த தடம் ஆகிய மூன்றும் சேர்ந்து தெரியும். சிகரெட் சுட்ட ஓட்டை, நெருப்புப் பட்டு உருகிக் கெட்டியான முடிச்சு, எலி கடித்த தடம் ஆகியவையும் அதே கணக்குதான். வெட்டு சிறிதா பெரிதா என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை. பட்டையை மாற்ற வேண்டும்.

பட்டை மடிந்து இரும்புத் தகட்டோடு சேரும் இடங்களில் கெட்டியான தையல் இருக்கும். தொழிற்சாலைத் தையல் ஒரே நூலில், ஒரே இடைவெளியில், குறிப்பிட்ட வடிவில் அமைந்திருக்கும். அங்கே நூல் விட்டுப்போயிருந்தாலும், வேறு நிறத்தில் வேறு தையல் தெரிந்தாலும் அந்த பெல்ட்டை நம்பக்கூடாது. செருப்புத் தைக்கும் நூலோ சீட் கவர் தைக்கும் நூலோ டன் கணக்கில் வரும் இழுப்பைத் தாங்காது.

பட்டையில் பதிந்திருக்கும் விபத்து

காரின் வெளிப்புறத்தை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்து விபத்தை மறைத்துவிடலாம். பெல்ட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அது உண்மையைச் சொல்லிவிடும். மோதலில் பெருஞ்சுமை தாங்கிய பட்டை, தரையில் விரித்தால் தட்டையாகப் படியாமல் அலை அலையாக எழும்பும். சில இடங்களில் அகலம் குறைந்து ஓரம் சுருண்டிருக்கும். தோளுக்கு மேலுள்ள வளையத்தின் வழியே பட்டை அழுந்தி ஓடிய இடத்தில் உராய்வுச் சூட்டினால் இழைகள் உருகி, ஒரு கோடு மட்டும் பளபளக்கும். வளையத்தின் பிளாஸ்டிக் பூச்சில் நகத்தால் கீறியது போன்ற இணைகோடுகளும், அவற்றில் பட்டையின் நிறம் ஒட்டிக்கொண்டிருப்பதும் இன்னும் உறுதியான சாட்சி. நாக்கில் பட்டை நுழைந்து திரும்பும் பிளவிலும் இதே தடத்தைத் தேட வேண்டும். சில மாடல்களில் கீழ்ப் போல்ட்டுக்கு அருகே பட்டை மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். பெருஞ்சுமை வந்தால் அந்தத் தையல் மட்டும் பிரிந்து, பெல்ட்டை மாற்றச் சொல்லும் வாசகம் வெளியே தெரியும்.

பட்டையின் கீழ்முனையில் தைத்திருக்கும் லேபிளையும் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், பாக எண், தர எண், தயாரித்த காலம் ஆகியவை அதில் இருக்கும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 15140. லேபிளில் உள்ள ஆண்டு, கார் தயாரான ஆண்டோடு ஒத்துப்போக வேண்டும். 2012ஆம் ஆண்டு காரில் ஓட்டுநர் பெல்ட் மட்டும் 2018ஆம் ஆண்டு லேபிளோடு இருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பெல்ட்டை மாற்றியது நல்ல செய்தி. அதற்கான காரணத்தை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் வேலை.

வெள்ளத்தில் நின்ற வண்டியையும் பட்டை காட்டிக்கொடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கி, பழுது பார்க்கப்பட்டு விற்பனைக்கு வரும் வண்டிகளில் சீட் கவரையும் தரைவிரிப்பையும் மாற்றிவிடுவார்கள். ரிட்ராக்டருக்குள் சுருண்டிருக்கும் பட்டையைப் பலரும் கழுவுவதில்லை. முழுதாக இழுத்த பட்டையில் சேற்று நிறத்தில் கறை வரி தெரிந்தாலோ, வெள்ளைத் துணியால் துடைத்ததும் மண் ஒட்டிக்கொண்டாலோ, நீர் ரிட்ராக்டர் வரை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் துருப்பிடித்திருக்கக்கூடும்.

பூட்டு

நாக்கைப் பக்கிளில் செருகினால் ஒரே அழுத்தில், தெளிவான சத்தத்தோடு மாட்ட வேண்டும். மாட்டியதும் பட்டையைப் பிடித்துப் பலமாக மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை மாட்டி, இழுத்து, விடுவிக்க வேண்டும். பத்தில் ஒரு தடவை தவறினாலும் அந்தப் பக்கிள் பழுதுதான். நாக்கை அவசரமில்லாமல் மெல்லச் செருகிப் பார்ப்பதும் அவசியம். சத்தம் வராமலே உள்ளே உட்கார்ந்து, மாட்டியது போலத் தோற்றம் தந்து, இழுத்தால் கழன்றுவிடும் பக்கிள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

விடுவிப்பதும் பூட்டுவதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. விபத்துக்குப் பிறகு பட்டை இறுகி இருக்கும் நிலையிலேயே பொத்தானை அழுத்த வேண்டி வரும். எனவே ஒருவர் பட்டையை இழுத்துப் பிடித்திருக்கும்போது மற்றவர் சிவப்புப் பொத்தானை ஒரே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நாக்கு தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். பொத்தான் உள்ளேயே தங்கிவிட்டாலும், இரு விரல் போட்டு அழுத்த வேண்டியிருந்தாலும் பக்கிளை மாற்றியாக வேண்டும்.

பக்கிளின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் பல கோளாறுகளுக்குக் காரணம் தெரியும். பிஸ்கட் துணுக்கு, சில்லறைக் காசு, குழந்தைகள் ஊற்றிய ஜூஸ் காய்ந்த பிசுபிசுப்பு ஆகியவை பின் இருக்கைப் பக்கிளில் சாதாரணம். தளர்வாகக் கிடக்கும் குப்பையை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம். எண்ணெயோ கிரீஸோ விடக்கூடாது. தூசி அதில் ஒட்டி, உள்ளே இருக்கும் கொக்கியை மேலும் சிக்கவைக்கும். பக்கிளின் பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் இருந்தால் குப்பை நுழைய வழி ஏற்பட்டுவிட்டது. அதையும் மாற்ற வேண்டும்.

நாக்கும் பக்கிளும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவை. வேறு மாடலின் பக்கிளில் நாக்கு நுழைந்து சத்தம் வந்தாலும், உள்ளே கொக்கி முழுதாகப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகப் பக்கிளில் செருகி வைக்கும் போலி நாக்குகளும் இதே காரணத்தால் தீங்கானவை. அளவு பொருந்தாத தகடு உள்ளிருக்கும் கொக்கியைத் தேய்த்துவிடும். அந்தப் போலி நாக்குகளை விற்பனையிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணையவழி விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. பழைய காரில் அப்படி ஒன்று செருகியிருந்தால், அதை எடுத்துவிட்டு அந்தப் பக்கிளைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

ரிட்ராக்டர்

ரிட்ராக்டர் பெரும்பாலும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். பட்டையைத் திரும்பச் சுருட்டுவதும், தேவையானபோது பிடித்து நிறுத்துவதும் அதன் இரண்டு வேலைகள். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சுருட்டும் வேலை முதலில். பட்டையை முழுதும் இழுத்து, கையை எடுத்தால் அது தொய்வின்றி முழுதாக உள்ளே போக வேண்டும். பாதியில் நின்றால் உடனே ரிட்ராக்டரைக் குறை சொல்லத் தேவையில்லை. தோளுக்கு மேலுள்ள வளையத்தில் பல ஆண்டு வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்பு மெழுகு போல் படிந்து, பட்டையைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாலும் காரணம். ஈரத்துணியால் வளையத்தின் உட்புறத்தைத் துடைத்து, பட்டையையும் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் சுருளாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தொய்ந்து கிடக்கும் பெல்ட் உடலோடு ஒட்டி நிற்காது. மோதலில் உடல் அந்தத் தொய்வு முழுவதையும் தாண்டி முன்னால் பாய்ந்த பிறகே பட்டை பிடிக்கும்.

பிடித்து நிறுத்தும் வேலைக்குள் இரண்டு உணர்விகள் உண்டு. ஒன்று பட்டை இழுபடும் வேகத்தை உணர்வது. மற்றொன்று காரின் அசைவை உணர்வது. இரண்டாவதில் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சிறு எஃகுக் குண்டோ, தொங்கும் சிறு எடையோ இருக்கும். கார் சட்டென வேகம் குறையும்போது குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பு பற்சக்கரத்தில் மாட்டி, பட்டை சுற்றிய உருளை நின்றுவிடும்.

முதல் உணர்வியைச் சோதிக்க, மாட்டிய பெல்ட்டைத் தோளருகே பிடித்து வெடுக்கென்று இழுத்தால் போதும். உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். பத்துத் தடவை இழுத்தால் பத்துத் தடவையும் பிடிக்க வேண்டும். சில பழைய ரிட்ராக்டர்களில் கார் அசைவை உணரும் குண்டு மட்டுமே இருக்கும். அவை வெடுக்கென்று இழுத்தாலும் பிடிக்காது. அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

இரண்டாவது உணர்விக்கு பிரேக் சோதனை தேவை. ஆளில்லாத மைதானத்தில், காய்ந்த தரையில், பின்னால் எந்த வண்டியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தமாக மிதிக்க வேண்டும். சோதிப்பவர் அருகிலுள்ள இருக்கையில் முதுகை நன்றாகச் சாய்த்து, பெல்ட் மாட்டி, பட்டையைக் கையால் மெதுவாக முன்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் நொடியில் பட்டை அசையாமல் நிற்க வேண்டும். உடலை முன்னால் எறிந்து பார்ப்பது தவறு. பெல்ட் பழுதாக இருந்தால் தலை டாஷ்போர்டில் மோதும். ஐ.நா. விதிமுறையின்படி கார் 0.45 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 45 சதவீதம்) அளவுக்கு வேகம் குறையும்போது ரிட்ராக்டர் பிடித்தாக வேண்டும். காய்ந்த தரையில் அழுத்தமாகப் பிடிக்கும் பிரேக் இந்த அளவைத் தாண்டிவிடும்.

சும்மா நிற்கும்போதே பிடித்துக்கொள்ளும் பெல்ட்டும் உண்டு. ரிட்ராக்டர் 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்ட வேண்டும் என்பது விதி. அடுக்குமாடிக் குடியிருப்பின் சாதாரணச் சரிவுப் பாதை 12 டிகிரியை எட்டுவதில்லை. அங்கே நிறுத்திய காரில் பெல்ட் வர மறுத்தால், குண்டு சிக்கியிருக்க வேண்டும். அல்லது நடுத்தூணில் டிங்கரிங் செய்தபோது ரிட்ராக்டர் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதேசமயம் காரிலிருந்து கழற்றிக் கையில் பிடித்த ரிட்ராக்டர் பூட்டிக்கொள்வது இயல்பு. நிமிர்ந்து இருந்தால்தான் அது பட்டையை விடும். பட்டையை முழுதாக இழுத்துவிட்ட பிறகு 'டிக் டிக்' என்ற ஒலியோடு உள்ளே போகும் திசையில் மட்டும் நகர்ந்து, மீண்டும் வெளியே வராமல் இருப்பதும் பழுதல்ல. குழந்தை இருக்கையைக் கட்டுவதற்கென்று சில மாடல்களில் உள்ள ஏற்பாடு அது. பட்டை முழுதும் சுருண்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ரிட்ராக்டரை ஒருபோதும் பிரித்துப் பார்க்கக்கூடாது. சுருள் ஸ்பிரிங் பாய்ந்து கையைக் கிழிக்கும். ஒருமுறை பிரித்ததைப் பழைய அமைப்பில் திரும்பச் சேர்க்கவும் முடியாது.

பிணைப்பு இடங்கள்

ஒவ்வொரு முன் பெல்ட்டுக்கும் தூணின் மேலே ஒன்று, அடியில் ஒன்று, பக்கிள் பக்கம் ஒன்று என்று பிணைப்புகள் இருக்கும். வளையத்தையும் தகட்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். வளையம் போல்ட்டைச் சுற்றித் திரும்பலாம், போல்ட் ஆடக்கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்தால் ஒவ்வொரு நிலையிலும் அது மாட்டி நிற்கிறதா என்று கீழ்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும்.

துரு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. தரைவிரிப்பை ஓரமாகத் தூக்கி, போல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியிலும், ஏசி நீர் உள்ளே கசிந்த வண்டியிலும், வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் தரைத்தகடு அடியிலிருந்து அரித்திருக்கும். மேல்துரு மட்டுமானால் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்வாங்கினாலோ, பொடியாக உதிர்ந்தாலோ பெல்ட் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில், பெல்ட் பிணைப்பைச் சுற்றி 30 செ.மீ. தொலைவுக்குள் தகட்டின் வலுவைக் குறைக்கும் அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. வீட்டில் சோதிப்பவரும் அந்த 30 செ.மீ. எல்லையையே அளவாகக் கொள்ளலாம்.

பெல்ட் போல்ட் சாதாரண போல்ட் அல்ல. பெரும்பாலான கார்களில் அது 7/16 அங்குல அளவில், நுண்மரையோடு, உயர்வலு எஃகில் செய்யப்பட்டிருக்கும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டை அந்த இடத்தில் இறக்கியிருந்தால் மாற்ற வேண்டும். பின்னாளில் பெல்ட் பொருத்திய பழைய வண்டிகளில், போல்ட்டின் மறுபுறம் கனமான வலுவூட்டுத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று அடியில் பார்க்க வேண்டும். வெறும் தரைத்தகட்டில் துளை போட்டு வாஷரோடு முடுக்கியிருந்தால், இழுப்பு வரும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

பிரீடென்ஷனரும் எச்சரிக்கை விளக்கும்

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏர்பேக்கிலோ பிரீடென்ஷனரிலோ கோளாறு உண்டு. எரியவே இல்லை என்றால் நிலைமை அதைவிட மோசம். ஏர்பேக் வெடித்த காரை மலிவாகச் சரிசெய்து விற்பவர்கள் விளக்கைக் கழற்றிவிடுவதும், வேறு விளக்கோடு சேர்த்துவிடுவதும் உண்டு. மற்ற விளக்குகள் எரியும் வரிசையில் இது மட்டும் இல்லாதிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஒருமுறை வெடித்த பிரீடென்ஷனர் மறுபடி வேலை செய்யாது. அது பக்கிள் பக்கம் அமைந்த கார்களில், வெடித்த பிறகு பக்கிள் கீழே இறங்கி, அதன் அடியிலுள்ள மடிப்புறை நசுங்கியிருக்கும். இரு முன் இருக்கைகளின் பக்கிள் உயரத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ரிட்ராக்டரில் அமைந்த வகையில், வெடித்த பின் பட்டை பெரும்பாலும் உள்ளேயோ வெளியேயோ நகராமல் இறுகிவிடும்.

பிரீடென்ஷனரின் வயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கக்கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே வெடிமருந்தைப் பற்றவைக்கக்கூடும். இந்த வகை பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும், பேட்டரி இணைப்பை எடுத்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து செய்யத் தெரிந்த சர்வீஸ் நிலையத்தின் வேலை.

பின் இருக்கை

ரெக்சின் சீட் கவர் போட்ட கார்களில் பின் இருக்கைப் பக்கிள்கள் இருக்கைக்கு அடியில் புதைந்துவிடும். அவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொரு நாக்கையும் அதனதன் பக்கிளில் மாட்டிப் பார்க்க வேண்டும். நடு இருக்கையில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால், இறுக்கிய நீளம் நிற்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு நீண்டால் அது பயன்படாது. மற்றபடி முன் இருக்கைக்குச் சொன்ன சோதனைகள் அனைத்தும் இங்கும் பொருந்தும்.

சுத்தம் செய்தல்

பட்டையை முழுதாக இழுத்து கிளிப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பைக் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருளவிட்டால் பூஞ்சை பிடிக்கும்; ரிட்ராக்டருக்குள் துரு ஏறும். பிளீச்சிங் பவுடர், பெட்ரோல், தின்னர், சாயம் ஆகியவை இழையின் வலுவைக் கெடுக்கும். வெளுத்த பெல்ட்டுக்குச் சாயம் ஏற்றியிருப்பது தெரிந்தால், அதை வெளுத்த பெல்ட்டாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

பழுது தெரிந்த பின்

அழுக்கைத் தவிர சீட் பெல்ட்டில் வேறு எந்தக் கோளாறையும் பழுது பார்ப்பது இல்லை, மாற்றுவதுதான். பட்டையை மட்டும் மாற்றித் தைப்பது, ரிட்ராக்டர் ஸ்பிரிங்கை முறுக்கேற்றுவது, பக்கிளைப் பிரித்து ஒட்டுவது ஆகியவை பெல்ட்டைப் பார்வைக்குச் சரியாக்கும். வலுவைத் திரும்பத் தராது. பட்டை, நாக்கு, ரிட்ராக்டர் ஆகியவை ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். மாடலும் ஆண்டும் சொல்லி, பாக எண்ணை ஒப்பிட்டு வாங்க வேண்டும். பக்கிளையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கதவும் விளக்கும் வாங்கலாம், சீட் பெல்ட் வாங்கக்கூடாது. அங்கே உடைக்கப்படும் கார்களில் விபத்தில் சிக்கியவையும் இருக்கும். அந்த பெல்ட் ஏற்கனவே ஒருவரைத் தாங்கியதா என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. பெரிய மோதலில் மாட்டியிருந்த பெல்ட், பார்வைக்குக் குறையில்லாவிட்டாலும் மாற்றப்பட வேண்டியதே.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக்காகக் காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும், சிறு மோதல் நடந்தாலும் அதன் பிறகும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பெல்ட் அணியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. தேய்ந்த பெல்ட்டை அணிந்தவருக்கு அபராதம் வராமல் போகலாம், பாதுகாப்பும் கிடைக்காது. சோதனையில் தேறாத பெல்ட் உள்ள இருக்கையில், அதை மாற்றும்வரை யாரையும் உட்காரவைக்க வேண்டாம்.